வந்துட்டேன் என்றால் எங்கே?

எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. முப்பத்தொரு பேர். முப்பது பேர் பஸ்ஸில் போகிறவர்கள், ஒருவர் அதை ஓட்டுகிறவர். பஸ் காலை ஆறரைக்குக் கடம்பத்தூரில் புறப்படும். திருவள்ளூரில் என்னையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு, வெங்கல், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று நின்று நின்று போய், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழையும்போது எட்டு பத்து ஆகியிருக்கும். எட்டரைக்குள் கேட்டில் விரல் வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அந்த மெஷின் சிவப்பாக முறைக்கும்.

அந்தக் குரூப்பில் அதிகம் எழுதப்பட்ட சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வந்துட்டேன்.

இதற்குக் காரணம் டிரைவர் அண்ணன். அவர் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில் இருக்கும் ஊர்க்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "நைனா, அம்மா, எல்லாருக்கும் சொல்றேன். வந்துட்டேன்னு சொன்னா வண்டிய நிறுத்துவேன். வர்றேன்னு சொன்னா போய்க்கினே இருப்பேன். அப்புறம் என்னை நோவக்கூடாது."

அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் 'வர்றேன்' செத்துப்போயிற்று. எல்லோரும் வந்துட்டோம். தலை துவட்டுகிறவர் வந்துட்டார், தோசை திருப்புகிறவர் வந்துட்டார், பிள்ளைக்கு ஷூ தேடுகிறவர் வந்துட்டார். நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு கையால் 'வந்துட்டேன்' அடித்த நாட்கள் எனக்கும் உண்டு. எங்கள் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஓடினால் பிடித்துவிடலாம். அதனால் மனசாட்சி பெரிதாக உறுத்தவில்லை.

இந்தக் கலையில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவள் வெங்கலில் ஏறுகிற பெண். பேக்கிங் செக்‌ஷனில் வேலை. பி.ஏ. தமிழ் படித்தவள். நாங்கள் எல்லாம் 'vandhuten' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும்போது அவள் மட்டும் அழகாகத் தமிழில், 'வந்துவிட்டேன்.' என்று முற்றுப்புள்ளியோடு போடுவாள். படிக்கும்போதே நம்பத் தோன்றும். பஸ் வெங்கலுக்குப் போய் நின்றால் டீக்கடை இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், அவள் இருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்தெருவிலிருந்து, வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருவாள். ஏறியதும் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை.

பஸ்ஸில் திறக்காத வாயெல்லாம் சாயங்காலம் குரூப்பில் திறக்கும். முதல் வாய் ஸ்டோர் அண்ணனுடையது.

ஸ்டோரில் நட்டு, போல்ட்டு, கையுறை, ஆயில் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கடம்பத்தூர் பக்கத்தில் சொந்தமாக நெல் நிலம். விடியும் முன்பே வயலுக்குப் போய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அப்படியே வந்து முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். நேரில் அதிகம் பேச மாட்டார். குரூப்பில் மட்டும் எரிமலை.

சண்டை பெரிதான அன்று, வெங்கலில் நான்கு நிமிடம் நின்றோம். கவரைப்பேட்டையில் லாரிகள் வரிசையாக நின்றதில் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. எட்டு இருபத்துநாலுக்குக் கேட்டுக்கு வந்து, எல்லோரும் பச்சை விளக்கிலேயே விரல் வைத்துவிட்டோம். சாயங்காலம் அவர் போட்டார்: "இன்னிக்கும் லேட்டு. சில பேருக்கு வந்துட்டேன்னா இன்னா அர்த்தம்னே தெர்ல."

வெங்கல் பெண் பதில் போட்டாள்: "நாம் இன்று லேட் ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவும்."

"ஆறரைலேர்ந்து அதத்தான் பாத்துக்கினு கீறேன்."

"எட்டரைக்கு முன்பே உள்ளே போய்விட்டோம். பிறகு எப்படி லேட்?"

"தெனமும் லேட்டு. தெனமும் பேஜாரு."

அதற்குப் பிறகு ஆளாளுக்கு நுழைந்தார்கள். பெரியபாளையத்தில் ஏறுகிறவர்கள் பெண் பக்கம், திருவள்ளூர்க்காரர்கள் பாதிப் பாதி. ஒருவர் சம்பந்தமே இல்லாமல் ஏசி வேலை செய்யவில்லை என்றார். இன்னொருவர் எல்லோருக்கும் கும்பிடுகிற கைகளைப் போட்டார். அவர் சமாதானம் சொல்கிறாரா, ஆளை விடுங்கள் என்கிறாரா என்று புரியாமல் இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது.

நான் அப்போது உள்ளே புகுந்தேன். புகுந்திருக்க வேண்டாம். ஆனால் என் வேலை அப்படி.

நான் குவாலிட்டியில் இருக்கிறேன். வண்டிகளுக்குப் போகிற இரும்புப் பாகங்களைப் பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று பிரிக்கிற வேலை. முன்பு ஒருமுறை ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. கீறல் இருக்கிறது என்றார்கள் வாங்குகிறவர்கள். கீறலே இல்லை என்று பாகங்களை அடித்துத் தருகிற எங்கள் பிரஸ் ஷாப்பில் அடம்பிடித்தார்கள். இரண்டு நாள் மெயிலில் சண்டை. கடைசியில்தான் தெரிந்தது, எங்கள் ஆட்களுக்குக் கீறல் என்றால் நகத்தால் தடவினால் மாட்ட வேண்டும். அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்தாலே கீறல். பிறகு உட்கார்ந்து பேசி, எது கீறல், எது வெறும் கோடு என்று ஒரு பலகையில் எழுதி, பக்கத்திலேயே மாதிரிக்கு நாலு பாகங்களைத் தொங்கவிட்டோம். சண்டை அன்றோடு தீர்ந்தது. அந்தப் பலகையை எழுதியது நான். அதிலிருந்து உலகத்தில் எந்தச் சண்டைக்கும் ஒரு பலகை போதும் என்று எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது.

குரூப்பில் போட்டேன்: "சண்ட போடறதுக்கு முன்னாடி, வந்துட்டேன்னா இன்னான்னு மொதல்ல முடிவு பண்ணுவோமா?"

இதற்கு வந்த பதில்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பியதுதான் வந்துட்டேன் என்றார் ஒருவர். குளித்துவிட்டால் வந்த மாதிரிதான் என்றார் இன்னொருவர். சமையல் மனைவிமார் கையில் இருப்பதால், டிபன் பாக்ஸ் மூடப்பட்டால்தான் வந்துட்டேன் என்று ஒரு கட்சி. "மனசு கெளம்பிடுச்சின்னா வந்துட்டேன்தான்" என்று போட்டவருக்கு எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

வெங்கல் பெண்ணின் பதில் கொஞ்சம் தாமதமாக, ஆனால் கனமாக வந்தது. "அக்கா, இலக்கணத்தில் இதற்குக் கால வழுவமைதி என்று பெயர். விரைவைக் காட்டுவதற்காக, இனி நடக்கப் போவதை நடந்து முடிந்ததாகச் சொல்லலாம். சாப்பிட்டுக்கொண்டு இருப்பவரை வாசலில் நின்று கூப்பிட்டால், இலையில் பாதி சோறு இருக்கும்போதே 'இதோ வந்துவிட்டேன்' என்பார். அது பொய் ஆகாது. தமிழே அனுமதிக்கிறது."

தமிழே அனுமதித்ததை எதிர்த்து யார் என்ன சொல்ல முடியும்? ஸ்டோர் அண்ணன் மட்டும் அசரவில்லை.

"தமிழ் அனுமதிக்கும். பஸ்ஸு நிக்காது."

நான் விடவில்லை. மூன்று நாள் மெனக்கெட்டேன். வந்துட்டேன் என்றால் நிறுத்தத்தில் நிற்பது என்று எழுதினேன். நிறுத்தம் என்றால் எது என்று கேள்வி வந்தது. வெங்கலில் டீக்கடைப் பக்கமா, எதிர்ப்பக்கமா? பஸ் நிற்கும் பக்கம் என்று சேர்த்தேன். கடம்பத்தூரிலிருந்து ஸ்டோர் அண்ணனே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ரயில்வே கேட்டு சாத்திட்டான். நான் அந்தாண்ட நிக்கிறேன், பஸ்ஸு இந்தாண்ட நிக்குது. கண்ணுக்கு எதுக்க தெரியுது. நான் வந்துட்டேனா, வர்லியா?"

இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. வரவில்லை என்று தீர்ப்பானது. அவரும் ஒத்துக்கொண்டார். 'இரண்டு கால்களும் தரையில் ஊன்றி' என்று நான் எழுதியதற்கு, பைக்கில் உட்கார்ந்து காத்திருப்பவன் கதி என்ன என்று ஒருவர் கேட்டார். ஒரு கால் போதும் என்று திருத்தினேன்.

கடைசியில் குரூப்பின் தலையில் பின் செய்து வைத்தேன். வந்துட்டேன் என்றால், நிறுத்தத்தில், பஸ் நிற்கும் பக்கத்தில், ஒரு காலாவது தரையில் இருக்க நிற்பது. கெளம்பிட்டேன் என்றால், வீட்டுக்கு வெளியே, செருப்போடு. வர்றேன் என்றால், இன்று வேலைக்கு வருகிறேன், இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வந்துட்டேன் போட்டவருக்கு மட்டும் வண்டி நிற்கும்.

முப்பது பேரும் சம்மதம் சொன்னார்கள். எனக்கு ஏதோ சட்டசபையில் மசோதா நிறைவேற்றிய மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "உங்க கம்பெனில வேலையே இல்லையா?" என்று கேட்டார்.

முதல் வாரம் ஒருவரும் 'வந்துட்டேன்' போடவில்லை. பயம். அதற்குப் பதிலாகப் புதிய சொற்கள் முளைத்தன. 'வந்தாச்சு' என்று ஒருவர் போட்டார். அது அகராதியில் இல்லை, அதனால் அவரைப் பிடிக்க முடியவில்லை. 'பக்கத்துலதான்' என்றார் ஒருவர். 'டீக்கடை தெரியுது' என்றாள் வெங்கல் பெண். உண்மைதான், அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே டீக்கடை தெரியும் என்று பிறகு அவளே சொன்னாள். ஒருவர் வெறும் ஓடுகிற மனிதன் படத்தைப் போட்டார். ஒன்றைக் கட்டிப்போட்டால் ஒன்பது அவிழ்த்துக்கொண்டு ஓடியது. நான் ஒவ்வொன்றையும் பிடித்து அகராதியில் சேர்க்கப் பார்த்து, பின் செய்த மெசேஜ் ரேஷன் கடை வரிசை மாதிரி நீண்டுகொண்டே போயிற்று.

ஆனால் ஒன்று. பஸ் மட்டும் முன்பு எப்படிப் போனதோ அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நின்றது, காத்த நிமிடம் காத்தது. இது எப்படி என்று நான் யோசிக்கவில்லை. ஏனென்றால் நான் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கவரைப்பேட்டை மேம்பாலத்தின் குலுக்கலில்தான் கண் விழிப்பேன். சாயங்காலம் குரூப்பில் ஊருக்கே சட்டம் எழுதுகிறவள், காலையில் சட்டம் நடக்கிற இடத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

நடவுக்காக ஸ்டோர் அண்ணன் லீவு போட்ட அன்று, முன் சீட் காலியாக இருந்தது. வெயில் படாத பக்கம் என்று அதில் உட்கார்ந்தேன். வண்டி திருவள்ளூரைத் தாண்டியதும் டிரைவர் அண்ணன் தன் போனை எடுத்து, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டுக்கீறாங்க, படிம்மா."

"நீங்க பாக்க மாட்டீங்களாண்ணே?"

"வண்டி ஓட்டச் சொல்ல எப்டிம்மா படிக்கறது? அதுவும் இல்லாம எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் படிச்சது அஞ்சாவது வரிக்கும், அதுவும் தெலுங்கு. நீங்க வாய்ஸ்ல போட்டா கேப்பேன். எழுதிட்டா, ஸ்டோர்காரு படிச்சிச் சொல்வாரு."

எனக்குத் தூக்கம் கலைந்தது. "அப்ப, நான் பின் பண்ணி வெச்சது?"

"ஆங், மேலயே இன்னாமோ நீட்டா நிக்குதே. நானும் கேக்கணும்னு நெனச்சேன். அது இன்னாம்மா? லீவு லிஸ்ட்டா?"

யாருக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேனோ, அந்த ஒரு மனிதருக்கு அது லீவு லிஸ்ட். சம்மதம் சொன்ன முப்பது பேரில் அவர் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. என்னையும் சேர்த்து எண்ணி முப்பது சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வந்திருந்த மெசேஜைப் படித்தேன். வெங்கல் பெண் 'கிளம்பிவிட்டேன்.' என்று போட்டிருந்தாள்.

"அப்டின்னா நிக்கணுமா, போணுமா?"

"சட்டப்படி போகணும்ணே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா இது. ஸ்டோர்காரு படிக்கறப்ப எல்லாருமே வந்துட்டேன்னுதானே போடுவாங்க? அந்தப் பொண்ணு ஒருநாளும் தவறனது இல்லியே!"

மெல்ல மெல்ல விஷயம் எனக்கு உறைத்தது. தினமும் சாயங்காலம் குரூப்பில் எரிமலையாக வெடித்தவர், தினமும் காலையில் முன் சீட்டில் உட்கார்ந்து, யார் எதை எழுதியிருந்தாலும் 'வந்துட்டாங்கோ' என்றே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். கெளம்பிட்டேன், பக்கத்துலதான், டீக்கடை தெரியுது, ஓடுகிற மனிதன், எல்லாமே அவர் வாயில் வந்துட்டாங்கோ. அன்று வெங்கலில் வண்டி நின்றது. டிரைவர் அண்ணன் தானாகவே நிறுத்தினார். நானும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் தூங்கவில்லை. ஸ்டோர் அண்ணனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வண்டி ஊரைத் தாண்டும் வரை பொறுத்திருந்து, கேட்டேன்.

"ஏண்ணே, குரூப்ல அந்தப் பொண்ண அந்தக் கிழி கிழிக்கிறீங்க. இங்க ஒக்காந்து பொய்யா படிக்கிறீங்களாமே?"

அவர் காது சிவந்துவிட்டது. "யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, டிரைவர் கண்ணாடியில் சிரிப்பதைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டார். "பின்ன இன்னாம்மா பண்றது? ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடியாறது கண்ணாடில தெரியுது. போங்கன்னு சொல்ல வாய் வருமா?"

"அப்ப எதுக்குச் சண்டை?"

"லேட் ஆவுதே, அதுக்கு."

"லேட்டே ஆகலையே. ஒருநாளும் எட்டரை தாண்டலையே."

"எட்டரையா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே குழம்பிய முகம். "எட்டரைய யார்ம்மா சொன்னது? கேன்டீன்ல எட்டு இருபதுக்கு நாஷ்டா முடிச்சிருவான். நான் விடிய முன்ன கழனிக்குப் போனவன். ஊட்ல பொங்க முடியாது, அந்நேரத்துக்கு அடுப்பு மூட்டுன்னு யாரைச் சொல்றது? எட்டு பத்துக்குப் போனா ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ. எட்டு இருபத்துநாலுக்குப் போனா இன்னா கீது? காலித் தட்டுதான். அப்புறம் பன்னெண்டரை வரிக்கும் வயித்தப் புடிச்சிக்கினு நட்டு எண்ணணும்."

மூன்று வாரம். முந்நூறுக்கும் மேல் மெசேஜ் இருக்கும். வந்துட்டேன் என்பதற்கு ஒற்றைக்கால் வரை வரையறை எழுதினேன். எல்லா மெசேஜிலும் கூடவே நின்ற 'லேட்' என்கிற சொல்லை நான் தொடவே இல்லை. அது இங்கிலீஷ் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல், அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு லேட் என்றால் மெஷினில் சிவப்பு. இவருக்கு லேட் என்றால் காலித் தட்டு. இருவரும் சொன்னது உண்மை. இருவருமே மற்றவர் புளுகுகிறார் என்று நம்பியிருக்கிறார்கள்.

வெங்கலில் பெண் ஓடி வந்து ஏறினாள். வழக்கம்போலச் சிரித்தாள். நான் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் குனிந்து அவரைப் பார்த்தாள். அவளுடைய எழுத்துத் தமிழெல்லாம் போனில்தான். வாயைத் திறந்தால் வெங்கல்.

"ஏன்ணா, பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் காலைல லேட்டாவறதே சாப்ட்டுட்டு வர்றதாலதான். எங்க அம்மா சாப்புடாம வெளிய வுடாது."

"குரூப்ல எப்டிமா பசிக்குதுன்னு போடறது? முப்பது பேர் பாக்கறாங்க. அசிங்கமா இல்ல?"

"என்னைக் கேவலமா திட்டறத முப்பது பேர் பாத்தா பரவால்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் அண்ணன்தான் நடுவில் புகுந்து, "உடும்மா, உடு நைனா, காலைலயே" என்றார். எனக்கு என்னவோ அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அடுத்த நாள் அவள் இரண்டு பையோடு ஓடி வந்தாள். ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலு இட்லி, மிளகாய்ப்பொடி. அவர் வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. பெரியபாளையம் வருவதற்குள் முடித்துவிட்டார். சாயங்காலம் குரூப்பில் அவர் எதுவும் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. குரூப்பே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஏசி வேலை செய்யவில்லை என்று ஒருவர் மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? லேட் என்றால் என்ன என்று ஒரு வரையறை எழுதலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வரி போட்ட உடனே மீதி இருபத்தொன்பது பேரும் சேர்ந்து, "அக்கா, வேணாம்" என்றார்கள். அந்தக் குரூப்பில் எல்லோரும் ஒரே அர்த்தத்தில் சொன்ன சொல் அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் அண்ணன் வாய்ஸில், "அந்த லீவு லிஸ்ட்டையும் எடுத்துடும்மா, மறைக்குது" என்றார். எடுத்துவிட்டேன்.

இப்போது மெசேஜ் எல்லாம் வாய்ஸில்தான் போடுகிறோம். எங்கே இருக்கிறீர்கள் என்று டிரைவர் அண்ணன் கேட்பதில்லை. "எதுக்க இன்னா தெரியுது?" என்றுதான் கேட்கிறார். அதற்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பழகிக்கொண்டிருக்கிறோம்.

இட்லிப் பை தினமும் வருகிறது. டிரைவர் அண்ணனுக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிட்டதால், வெங்கலில் வண்டி நிற்பதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை. போன வாரம் ஸ்டோர் அண்ணன் பழையபடி குரூப்பில் எழுதியிருந்தார்: "இன்னிக்கு சட்னி சரியில்ல." சரியில்லை என்றால் காரமா, உப்பா, புளிப்பா என்று கேட்க எனக்கு விரல் துறுதுறுத்தது. பாதி அடித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அழித்துவிட்டேன்.